மூன்று கணக்குகள்: ஊவாத் தோட்டங்களிலே தடுப்பூசி தந்த நலமும் பொருளும்

ஒரு நாட்டுக்கு அணியாவன எவையென வகுத்துரைக்கப் புகுந்த திருவள்ளுவர் ஐந்தினை எண்ணினார். அவற்றுள் நோயில்லாமையை முதற்கண் நிறுத்திச் செல்வத்தை அதன்பின் நிறுத்தினார். இவ்வரிசை கருத்தின்றி அமைந்ததெனக் கொள்ளுதற்கில்லை. நோயால் மெலிந்த குடிகள் செல்வத்தை ஈட்டவும் மாட்டார். ஈட்டியதைத் துய்க்கவும் மாட்டார். இஃது எவர்க்கும் உடன்பாடே. ஆயினும், நோய் வந்தபின் மருந்துக்குச் செலவிடுதலை எளிதில் ஏற்கும் உள்ளம், நோய் வாராத காலத்திலே நோயில்லாத பிள்ளைக்காகச் செலவிடுதலைப் பற்றி ஐயுறுகின்றது. 'இல்லாத நோய்க்கு இத்துணைப் பொருள் ஏன்?' என்னும் வினா, வரவு செலவுத் திட்டம் ஆராயப்படும் மன்றத்திலும் எழும். லயத்துக் காம்பிராவின் வாசற்படியிலும் எழும்.

இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பதுளையைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய மலைகளிற் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் வரலாறே அதற்கு விடை தரும். அங்கே அம்மைப்பால் குத்துதல் தொடங்கிய நாள் முதலாக, அதனால் வரும் ஊதியத்தைக் கணித்தோர் மூவர். தொழிலாளரைக் கொண்டு பயிர் செய்த தோட்டத்தார் ஒரு கணக்கு எழுதினர். குடிகளின் நலத்தைப் பொறுப்பேற்ற அரசு மற்றொரு கணக்கு எழுதியது. ஏட்டில் ஏறாத மூன்றாவது கணக்கொன்றும் உண்டு. அது கொழுந்து பறிக்கும் தாயின் கணக்கு. முதலிரண்டும் பெரிய தொகைகளைக் கொண்டவை. எனினும் மூன்றாவது நேர்ப்படாதவிடத்து ஏனையவும் நேர்ப்படா என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நோய் நடந்து வந்த வழி

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியபோது, தமிழகத்தின் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் மக்கள் கூட்டங் கூட்டமாக வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், நீரற்ற காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். அப்பால் ஊவாவை நாடியவர்கள் மலைமேல் மலை கடந்து ஏறினர். வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களோடு வழிநடந்தன. வழியில் வீழ்ந்தோர் பலர். நோய்க்கு அஞ்சிய கிராமத்தார் வழிப்போக்கரை ஊருக்குள் விட அஞ்சினர். உடல்நலம் கெட்டவனுக்கு உழைப்பில்லை, உழைப்பில்லாதவனுக்கு உணவில்லை. நோய்க்கும் வறுமைக்குமுள்ள உறவை அந்த நடைபாதையே முதன்முதலிற் கற்பித்தது எனலாம்.

பெரியம்மை கண்டவருள் ஏறத்தாழப் பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தவருட் பலர் முகவடு பெற்றனர்; சிலர் கண்ணொளி இழந்தனர். இந்நோயை அம்மன் வரவெனக் கொண்ட தோட்ட மக்கள், வேப்பிலை கட்டி, வீட்டைத் தூய்மை செய்து, அயலார் உட்புகாதவாறு காத்தனர். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. வேப்பிலை கட்டிய வாசலை அயலார் மிதியாமை, நோயாளியைத் தனிப்படுத்தும் வழக்கமாகவும் அமைந்தமை கருதற்பாலது. ஆனால், தனிப்படுத்தல் பரவுதலைக் குறைக்கக் கூடுமேயன்றி, நோய்க்கு இலக்காகும் உடலை அரண் செய்யமாட்டாது.

அவ்வரணை அமைக்கும் முயற்சி இலங்கையில் இருபடியாக நிகழ்ந்தது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில், 1800ஆம் ஆண்டளவில், அம்மை கண்டவரின் கொப்புளத்து நீரையே நலமுடையார் உடலிற் சிறிதளவு புகுத்தும் முறை கையாளப்பட்டது. இதனால் வரும் நோய் பெரும்பாலும் மென்மையாயிருப்பினும் சிலர் இறந்தனர். அன்றியும், அவ்வாறு நோயேற்றவர் பிறர்க்கும் பெரியம்மையைப் பரப்பினர். 1796இல் எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர், பசுவம்மையின் நீரைச் சிறுவன் ஒருவனின் கையிற் செலுத்தி, பின்னர் அவனைப் பெரியம்மை பற்றாமையைக் கண்டார். இம்முறையில் மனிதரிடையே பெரியம்மை பரவும் இடரில்லை. அக்காலத்தில் அம்மைப்பாலைக் குளிர வைத்துக் காக்கும் வழியின்மையால், ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றியே அதனைத் தொலைநாடுகளுக்குக் கொண்டுசென்றனர். பக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்த அம்மைப்பால் 1802 ஜூன் மாதத்தில் அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது இலங்கையையும் அடைந்தது. இத்தீவில் வைத்தியத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்டி என்பார், அம்மைப்பால் வருமுன் பெரியம்மை இங்கு விளைத்த அழிவை 1811இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

1886ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டதும், அம்மைப்பால் குத்துதலைக் கட்டாயமாக்கும் சட்டம் இலங்கையில் ஆக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயாம்.

தோட்டத்துக் கணக்கு

ஒரு நோய் ஒரு பொருளாதாரத்தையே வீழ்த்தும் என்பதற்கு ஊவாவிற் பிறந்த சான்றொன்று உண்டு. கோப்பி இலைகளில் மஞ்சட் பொடியெனப் படரும் பூஞ்சண நோய் 1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலேயே முதலிற் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. இருபது ஆண்டுகள் செல்லுமுன் இலங்கைக் கோப்பி பெரும்பாலும் அழிந்தது, தோட்டங்கள் கைமாறின, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. செடிக்கு வந்த நோயைத் தடுக்க வழியறியாது நட்டமடைந்த அதே காலத்தில், செடியைப் பேணும் மனிதனுக்கு வரும் நோயைத் தடுக்கும் வழி கையில் இருந்தது. அதனைக் கையாளுதல் இலாபமா என்பதே தோட்டத்தாரின் வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடை, ஆள்சேர்க்கும் முறையினின்றும் பிறந்தது. கங்காணி ஊருக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் கட்டி வந்தான். ஒவ்வொருவன் பேரிலும் உள்ள கடன் 'துண்டு' எனப்பட்ட சீட்டிற் குறிக்கப்பட்டது. அக்கடனைத் தீர்த்து வேறு தோட்டத்தான் ஆளை எடுத்துக்கொள்ளலாம். எனவே தொழிலாளியின் உயிர், தோட்டத்தின் ஏட்டிற் கொடுத்த பணமாக நின்றது. அவன் அம்மையால் மாண்டால் முன்பணம் போயிற்று. அவன் உழைப்பும் போயிற்று. அம்மை கண்ட லயத்தைக் கண்டு ஏனையோர் அஞ்சி ஓடினால் மலையிற் கொழுந்து முற்றிப் பாழாயிற்று. இத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

ஆகவே தடுப்பு முயற்சி, ஆள் தோட்டத்துக்கு வந்த பின்னன்றி, வருமுன்னரே செய்யப்படலாயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் போக்குவரத்து இயங்கத் தொடங்கிய பின், இலங்கைக்கு வருவோர் பெரும்பாலும் மண்டபம் முகாம் வழியாகவே வந்தனர். அங்கே அவர்கள் சில நாட் தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, உடைகள் தூய்மையாக்கப்பட்ட பின்னரே கடல்கடக்க விடப்பட்டனர். 1924இல் புகையிரதம் பதுளை வரை வந்த பின், மண்டபத்திற் கையைக் காட்டிய தொழிலாளி பழைய காட்டுவழியை மிதியாமலே ஊவாவை அடைந்தான். கையிலிருந்த தழும்பே அவனுடைய வழிச்சீட்டுப் போலாயிற்று.

அரசும் வாளாவிருந்திலது. 1872ஆம் ஆண்டு முதலாகத் தோட்டங்களின் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டங்கள் அடுத்தடுத்து ஆக்கப்பட்டன. தோட்ட உற்பத்திப் பொருள்களின் ஏற்றுமதியின் மீது தீர்வை விதித்து, அவ்வருவாய் கொண்டு தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் மருந்துச் சாலைகளும் நடத்தப்பட்டன. 1912இன் சட்டங்கள் தொழிலாளரின் நோய்கள் பற்றித் தோட்டத்து முகாமையாளருக்குரிய கடமைகளை மேலும் வரையறுத்தன.

இவையெல்லாம் நன்மை பயந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டத்துக் கணக்கில் ஒரு குறை இருந்தது. அஃது உழைக்கும் கையை எண்ணியதேயன்றி, உழைக்கும் பருவம் எய்தாத பிள்ளையைப் பெரிதும் எண்ணவில்லை. தென்னிந்தியாவினின்றும் புதிய ஆட்கள் வந்துகொண்டிருக்குங்காறும், பிறந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்குதலினும் வளர்ந்த ஆளைக் கொண்டுவருதல் மலிவாயிருந்தது. பெரியம்மைக்குக் காட்டிய விரைவு ஏனைய பிள்ளை நோய்களுக்குக் காட்டப்படாமைக்குக் காரணம் மருத்துவ அறிவின் குறை மட்டுமன்று, கணக்கின் குறையுமாம். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்லுதலைத் தடை செய்தது. அன்று முதலாகத் தோட்டத்தின் வருங்காலத் தொழிலாளி, லயத்தில் தொட்டிலிற் கிடந்த பிள்ளையே ஆயினான்.

நாட்டுக் கணக்கு

நாடு முழுவதையும் ஒன்றாகக் கொண்டு தடுப்பூசி இடும் முறை இலங்கையிற் படிப்படியாக வளர்ந்தது. காசநோய்க்கெதிரான பீ.சீ.ஜீ. ஊசி 1949இற் புகுத்தப்பட்டது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி என்னும் மூன்றுக்குமான முக்கூட்டு மருந்து 1961இல் வந்தது. 1962இல் இளம்பிள்ளைவாதம் பெருவாரியாகப் பரவி 1,810 பேரைத் தாக்கியது. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினர். கருவுற்ற தாய்மார்க்கு ஏற்புவலித் தடுப்பு மருந்து கொடுத்தல் 1969இலும், எல்லாவற்றையும் ஒரே திட்டத்தின்கீழ் இணைத்த விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இலும் தொடங்கின. சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் அதனுட் சேர்ந்தது.

இக்காலப் பகுதியில் ஊவாத் தோட்ட மக்களின் நிலை விந்தையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்ய விட்டது. தோட்ட வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் கையிலும், ஊர்ச் சுகாதாரம் அரசின் கையிலும் இருந்தன. மலையடிவாரக் கிராமத்துத் தாய்க்கு அரசின் மருத்துவமாது வந்தாள். மேலே லயத்திலிருந்த தாய்க்குத் தோட்டம் அமர்த்திய மருந்தாளரே கதி. ஒரே ஆற்றின் நீரைப் பருகிய இரு பிள்ளைகளுள் ஒருவன் நாட்டின் ஏட்டிலும் மற்றவன் தோட்டத்தின் ஏட்டிலும் எழுதப்பட்டான்.

நோய்க் கிருமி இப்பிரிவினையை அறியாது. இங்கேதான் தடுப்பூசியின் பொருளியல் ஏனைய மருந்துகளின் பொருளியலினின்றும் வேறுபடுகின்றது. தலைவலிக்கு ஒருவன் உண்ணும் மருந்து அவன் ஒருவனுக்கே பயன்படும். தடுப்பூசியோ, அதனைப் பெற்றவனுக்கும் அவனால் நோய் தொற்றக்கூடிய பிறர்க்கும் ஒருங்கே பயன்படும். தடுப்பாற்றல் இல்லாத மக்களிடையே சின்னமுத்துக் கண்ட ஒரு பிள்ளை 12 முதல் 18 பேர் வரை நோயைத் தொற்றச் செய்யவல்லது. அந்நோய் பரவாது நிற்க வேண்டின், நூற்றுக்கு 95 பேராவது தடுப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். அந்நிலை எய்தியவிடத்து, ஊசி ஏற்கும் பருவம் வாராத கைக்குழந்தையும் சூழ்ந்திருப்போரால் காக்கப்படுகின்றது. எய்தாதவிடத்து, காம்பிராவும் காம்பிராவும் முதுகோடு முதுகாக ஒட்டி ஒரே கூரையின்கீழ் நிற்கும் இரட்டை லயம், உலர்ந்த வைக்கோற் போர் போலாகும்.

ஏற்புவலியின் இயல்பு வேறு. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாது. தூய்மையற்ற கருவியால் தொப்புட்கொடியை அறுக்கும்போது அது பிறந்த குழவியின் உடலிற் புகுந்து, பால்குடிக்கும் வாயை இறுக்கிச் சில நாளிற் கொல்லும். லயத்துக் காம்பிராவில் நிகழ்ந்த பேறுகளுக்கு இவ்வச்சம் எப்போதும் இருந்தது. கருவுற்ற தாய்க்கு ஊசி இட்டால் அவள் உடலில் உண்டாகும் காப்புப் பொருள் கருவிலுள்ள குழவிக்கும் செல்கின்றது. ஆனால், அண்டை வீட்டுத் தாய் பெற்ற ஊசி இத்தாயின் குழவியைக் காவாது. சின்னமுத்தைத் தடுக்கப் பெரும்பாலோரை அடைய வேண்டும். குழந்தை ஏற்புவலியைத் தடுக்க ஒவ்வொரு தாயையும் அடைய வேண்டும். ஆதலால் எட்டாத் தோட்டமொன்றை விட்டுவிட்டு நாடு நலம்பெறும் என்னும் எண்ணம் இருவகையாலும் பிழையாகின்றது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் தோட்டச் சுகாதாரம் சிறிது சிறிதாக நாட்டுச் சுகாதாரப் பணியோடு இணையலாயிற்று. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குச் சென்ற பின்னரும், தடுப்பூசி நாட்டுத் திட்டத்தின் பகுதியாகவே நின்றது. நாடற்றோராயிருந்து எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே குடியுரிமை கிட்டியது. அவர்களுட் பலருடைய பிள்ளைகளுக்கு, நாடு தன் குடிகளென ஏற்குமுன்பே தன் ஊசியை அளித்திருந்தது என்பது சிந்தனைக்குரியது.

இதன் பயன் வெளிப்படை. இலங்கையின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993இற் காணப்பட்டார். 2014இல் தென்கிழக்காசிய வலயம் முழுவதும் அந்நோய் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பிறந்த குழவியின் ஏற்புவலி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இராது ஒழிந்ததென 2016இல் அவ்வலயத்துக்கு அறிவிக்கப்பட்டது. இலங்கை சின்னமுத்தை ஒழித்ததென 2019இல் அறிவிக்கப்பட்டது.

இப்பயனுக்குச் செலவான பொருளையும் நோக்குவோம். பெரியம்மையை உலகினின்றும் ஒழிக்க 1967 முதற் செய்யப்பட்ட முயற்சிக்கு ஏறத்தாழ 30 கோடி டொலர் செலவாயிற்று. இயற்கையாக அந்நோய் கண்ட இறுதி மனிதர் 1977இல் சோமாலியாவிற் காணப்பட்டார். 1980 மே மாதத்தில் நோய் ஒழிந்ததென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனால் ஆண்டுதோறும் 100 கோடி டொலருக்கு மேற்பட்ட பொருள் உலகுக்கு மீதமாகின்றதென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அம்மைப்பால் குத்தும் செலவே இன்று இல்லை. துறைமுகந்தோறும் சான்றிதழ் பார்க்கும் செலவும் இல்லை. முதல் தீர்ந்த பின்னும் வட்டி வந்துகொண்டிருக்கும் முதலீடு உலகில் வேறு எத்துணை உளவோ, அறியோம்.

பெரியம்மை போல் முற்றாக ஒழியாத நோய்களிலும் இக்கணக்குப் பொருந்தும். வருவாய் குறைந்த, நடுத்தரமான 94 நாடுகளை எடுத்து 2016இல் வெளியான ஆராய்ச்சியொன்று, 2011 முதல் 2020 வரை தடுப்பூசிக்குச் செலவிடும் ஒரு டொலருக்கு, நோயினால் நேரும் செலவும் உழைப்பிழப்பும் நீங்குவதால் 16 டொலர் பயன் கிட்டும் எனக் கண்டது. நீண்ட, நலமிக்க வாழ்வின் மதிப்பையும் சேர்த்தால் அது 44 டொலராம். 1974இல் உலகளாவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது முதல் 50 ஆண்டுகளில் 15 கோடி 40 இலட்சம் உயிர்கள் காக்கப்பட்டன என்பது 2024இல் வெளியான கணிப்பு. அவற்றுட் பெரும்பகுதி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயிர்களாம்.

தாயின் கணக்கு

மேற்கூறியவை கோடிகளிற் பேசும் கணக்குகள். மலையிற் கூடை சுமக்கும் தாய் கோடிகளைக் கண்டறியாள். அவளுடைய கணக்குப் 'பேர்' என்னும் சொல்லில் அடங்கும். காலையிற் பிரட்டுக்கு வந்து, மலையேறி, குறித்த நிறைக் கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், வாராவிடில் ஒன்றுமில்லை. மாத முடிவில் பேர்களின் தொகையே குடும்பத்தின் அரிசி, மா, பாடசாலைக் கொப்பி எல்லாம்.

பிள்ளைக்குச் சின்னமுத்துக் கண்டதெனக் கொள்வோம். நோய்ப்பட்ட பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் ஏற்கமாட்டார். தாய் வீட்டில் நிற்றல் வேண்டும். காய்ச்சலும் முத்தும் தணியப் பத்து நாளாயின், பத்துப் பேர் போயின. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்ட நிலையிற் கணித்தால், பத்து நாளுக்கு 10,000 ரூபா. அதனோடு முடியாது. இந்நோய் தொற்றியபின் வெளிப்படப் பத்து முதற் பதினான்கு நாள் செல்லும். ஆகவே மூத்த பிள்ளை தேறும் வேளையில் இளைய பிள்ளை படுக்கும். இழப்பு இரட்டிக்கும். 2019க்கு முந்திய கூட்டு ஒப்பந்தங்களின்படி, மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாள்களுள் நூற்றுக்கு 75 பங்கேனும் வந்தவர்க்கே வரவுக் கொடுப்பனவு கிடைத்தது. பிள்ளையின் நோயால் அவ்வெல்லையைத் தவறவிட்ட தாய், வாராத நாளின் சம்பளத்தோடு வந்த நாள்களுக்குரிய கொடுப்பனவையும் இழந்தாள். மேலும் சின்னமுத்து, முன்னர் வேறு நோய்களை எதிர்த்துப் பெற்ற ஆற்றலையும் உடலினின்றும் அழிக்கவல்லது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன. முத்து இறங்கிய பின் பிள்ளை மாதக்கணக்கில் சளியாலும் வயிற்றோட்டத்தாலும் மெலிவதைத் தாய்மார் கண்டறிந்ததன் காரணம் இதுவாகலாம்.

இவற்றையெல்லாம் தடுப்பது அரசு இலவசமாக இடும் ஓர் ஊசி. ஆனால் அரசுக்கு இலவசமாகக் கொடுக்க முடிவது தாய்க்கு இலவசமாகக் கிடைத்தல் ஒருதலையன்று. கிளினிக் பதுளையிலோ பசறையிலோ இருந்தால், உயர்மலைத் தோட்டத்துத் தாய் விடியலில் நடந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று மீள ஒரு முழுநாள் செல்லும்; ஒரு பேரும் பஸ் கட்டணமும் அவ்வூசியின் விலையாகும். நாட்டின் அட்டவணைப்படி ஒரு பிள்ளைக்குப் பிறப்பில் தொடங்கி 2, 4, 6, 9, 12, 18 ஆம் மாதங்களிலும், மூன்றாம், ஐந்தாம் வயதுகளிலும் தடுப்பு மருந்து உண்டு. அத்தனை முறையும் ஒரு பேரை இழக்கும்படி வறிய தாயைக் கேட்டுவிட்டு, அவள் வாராவிடில் அறியாமை எனப் பழிசொல்லுதல் நீதியாகாது. அவள் அறிவாள், கணக்கே இடங்கொடாது.

ஆதலின் ஊவாவில் தடுப்பூசி வெற்றி கண்டதன் இரகசியம் மருந்தின் வலிமையில் மட்டும் இல்லை. மருந்து மலையேறிச் சென்றமையிலும் உள்ளது. சுகாதார வைத்திய அதிகாரியும் மருத்துவமாதும் குறித்த நாளிலே தோட்டத்துக்கே வந்து, பிள்ளைக்காம்பிராவிலோ மருந்துச் சாலையிலோ ஊசி இடும்போது, தாய் மலையினின்றும் இறங்கிவந்து ஒரு மணி நேரத்தில் மீளலாம், பேர் தப்பும். இதற்கென அரசு செய்யும் செலவு எளிதன்று. ஊசி மருந்து பாகை 2 முதல் 8 வரையான குளிரிலே, கொழும்புக் களஞ்சியம் முதல் லயத்து வாசல் வரை இடையறாது காக்கப்படல் வேண்டும். மழையிற் சரியும் மலைப்பாதையில் ஒருநாள் வண்டி நின்றாலும், பெட்டியின் பனிக்கட்டி உருகினாலும், மருந்து நீராகும். ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு ஊசி இடுதலினும் உயர்தோட்டத்துப் பிள்ளைக்கு இடுதற்குச் செலவு மிகும். அச்செலவை வீணெனக் கருதுவோர் சிலர். அச்செலவே தாயின் கணக்கை நேர்ப்படுத்துகின்றது. தாயின் கணக்கு நேர்ப்பட்டதனாலேயே நூற்றுக்கு 95 என்னும் எல்லை கைகூடுகின்றது. அவ்வெல்லை கைகூடுதலாலேயே நாட்டின் கணக்கில் ஒன்றுக்குப் பதினாறு என்னும் வரவு ஏறுகின்றது.

ஊசியால் ஆவதும் ஆகாததும்

தடுப்பூசியின் பெருமையைக் கூறுங்கால் அதன் எல்லையையும் கூறுதல் கடன். 2016இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கைப் பிள்ளைகளுள் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டப்புறத்திலோ அத்தொகை 31.7. ஊசி எல்லாம் முறையாகப் பெற்ற பிள்ளையும் போதிய உணவின்றி வளர்ச்சி குன்றுதல் கூடும். ஊசி தடுக்கவல்ல நோயை ஊசி தடுக்கும். பசியைத் தடுக்கும் ஊசி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல குடிநீர், மலசலகூடம், காற்றோட்டமான வீடு, வயிறு நிறைய உணவு என்பன ஊசியால் நிறைவுறா.

பெற்ற வெற்றி தானே நிலைப்பதுமன்று. ஒரு முறை மட்டும் சின்னமுத்து ஊசி இட்ட காலத்தில், 1999–2000இல் நாட்டில் 15,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது. அதன் பின்னரே 2001 முதல் இரண்டாம் முறை ஊசியும் சேர்க்கப்பட்டது. 2019இல் ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட அதே நோய், 2023 மே மாதம் முதல் கொழும்பு முதலாய இடங்களில் மீண்டும் தலைகாட்டிற்று. 2024 ஜனவரியில் மேலதிக ஊசி இட வேண்டியதாயிற்று. இடையில் வந்த பெருந்தொற்றும், 2022இன் பொருளாதார நெருக்கடியும், மருந்துத் தட்டுப்பாடும், எரிபொருளின்றி வண்டிகள் நின்றமையும் எவரும் மறந்திரார். அரண் கட்டியவன் உறங்கினால் பகைவன் மதிலின் சிறு வெடிப்பையே வாயிலாகக் கொள்வான். அவ்வெடிப்பு முதலில் தோன்றும் இடம், வண்டி இறுதியாகச் சென்றடையும் இடமேயாம்.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. பிள்ளையை முதலாம் தரத்திற் சேர்க்கும்போது கொண்டுவரப்படும் சுகாதாரப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தல் ஒரு நிமிட வேலை. விடுபட்ட ஊசியை அங்கே கண்டறிந்து மருத்துவமாதுக்கு அறிவித்தால் ஒரு வகுப்பே காக்கப்படும். கருப்பை வாயிற் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதற் பாடசாலை வழியாக ஆறாந் தரத்து மாணவிகளுக்கு இடப்படுகின்றது. அப்பருவத்திற் பாடசாலையை விட்டு நின்ற பெண்பிள்ளை, கல்வியோடு அவ்வூசியையும் இழக்கும் அபாயம் உண்டு. தோட்டப் பாடசாலையின் வரவு இடாப்பு, சுகாதார இடாப்புமாகும் என்பதை இதனால் உணரலாம்.

தோட்டத்தார் எழுதிய கணக்கிற் பிள்ளை விடுபட்டது. அரசு எழுதிய கணக்கிலும் நெடுங்காலம் லயம் அரைகுறையாகவே சேர்ந்தது. பிள்ளையையும் லயத்தையும் ஒருங்கே சேர்த்து எழுதியது, மலைக்கு ஏறிவந்த மருத்துவமாதின் சிறு ஏடே. அவ்வேட்டிற் பெயர் விடுபடாதிருக்குங்காறும், வள்ளுவர் முதற்கண் வைத்த அணி ஊவா மலைகளிலும் நின்று நிலவும்.